ஒரு சொட்டு ஒழுகக் கூடாது

வீட்டை ஒட்டி ஓர் அறை கட்ட நந்தகோபால் கணக்குப் போட்டார்.

"நாலு ஆட்டை வித்தா முடிஞ்சிரும்."

கொத்தனார் முப்பிடாதி மண்ணைத் தோண்டிப் பார்த்தார். "கரிசல் அண்ணாச்சி. அஸ்திவாரத்தை ஆழமாப் போடலன்னா சுவரு வெடிச்சிரும்."

மேலும் பத்து ஆடுகள் எட்டயபுரம் சந்தைக்குப் போயின.

"ஓடு வேண்டாங்க, காங்கிரீட்டே போட்டிருவோம்" என்றாள் மனைவி ராதாமணி. "இந்த மழைக்கு ஒரு உசிரு நனையக் கூடாது. காத்துக்கு ரெண்டு ஜன்னலும் வைங்க."

நந்தகோபாலுக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. ஆடுகள் கூட்டம் கூட்டமாகச் சந்தைக்கு நடந்தன. ஒற்றைக் கிடா மிஞ்சியது. கூரைக்குக் காங்கிரீட் போட்ட அன்று, வேலையாட்களுக்கு அதுவும் கறிவிருந்தாயிற்று.

நல்லி எலும்பை உறிஞ்சியபடி முப்பிடாதி கட்டடத்தைப் பெருமையாகப் பார்த்தார்.

"இனி என்ன அண்ணாச்சி? சென்டிரிங் பலகையைப் பிரிச்சதும் ஆடுகளை உள்ள அடைச்சிரலாம்லா."