ஏறி இறங்கும் இன்ஜின்

2025 அக்டோபர் 6, திங்கட்கிழமை, காலை 9.40. ராஜபாளையத்தில் தூறல். நூற்பாலைக்கு மெக்கானிக் வேலை கேட்டு வந்திருந்த ஜெபாவிடம், மேலாளர் தவசிமுத்து ஒரு பழைய பிக்கப் வண்டியைக் காட்டினார்.

“சும்மா நிக்கும்போதே இன்ஜின் சத்தம் ஏறி எறங்குதும்மா. காரணத்தக் கண்டுபுடிச்சா வேலை ஒனக்கு. மூணு பேரு வந்து, இன்ஜினையே எறக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டாக.”

ஜெபா டீசல் குழாயின் நடுவே உள்ளே ஓடுவது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினாள். அதனுள் குமிழிகள் ஓடின.

“டீசலோட காத்தையும் சேத்து இழுக்குது சார்.”

ஃபில்டர் அருகே தளர்ந்திருந்த கிளாம்பை முறுக்கினாள். நியமன ஆணையில் கையெழுத்திடத் தவசிமுத்து பேனாவைத் திறந்தார்.

“செத்த பொறுங்க சார். இன்னும் குமிழி வருது.”

“இன்னுமா?” அவர் குரலில் உண்மையான வியப்பு இருந்தது.

டீசல் குழாயைத் தடவிக்கொண்டே போன அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கே ரப்பர் இளகி வெடித்திருந்தது. சுற்றிலும் கரியும் குங்குமமும்.

“ஆயுத பூசைக்கு இதுமேலயா சூடம் ஏத்துனாக? யாரு சார் அந்தப் புத்திசாலி?”

பழுதான பகுதியை வெட்டி இணைத்ததும் இன்ஜின் சீராக ஓடியது.

தவசிமுத்து தொண்டையைச் செருமினார். “கிளாம்ப லூசாக்குனது நாந்தான். அது ஒனக்கு வச்ச பரீட்சை.”

“அப்ப சூடம்?”

“அதுவும் நாந்தான். அது சாமிக்கு.”

நியமன ஆணையில் கையெழுத்திட்டு அவளிடம் நீட்டினார்.