அம்பதடிக்கு ஒரு பிரேக்

"நான் தச்ச சட்டை பிரிஞ்சுதுன்னா, வாயை மூடிக்கிட்டு வாங்கி மறுபடி தச்சுக் குடுப்பேன் டாக்டர். நீங்களும் அதே மாதிரி செஞ்சு குடுங்க!"

தையல்காரம்மா புருஷனை முன்னாடி தள்ளிவிட்டா. ரிப்பேருக்கு வந்த மிக்ஸி மாதிரி அவர் போய் நாற்காலில உட்கார்ந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆகலைன்னு கேளுங்க! நீங்க தொடையிடுக்கைக் கிழிச்சு ரத்தக்குழாய் அடைப்பைச் சுரண்டி எடுத்தீங்க. இன்னொரு டாக்டர் அதே வழியா கம்பியை விட்டு வயித்துக்குள்ள இருக்கற ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சார். ஒரே ஆபரேஷன், ரெண்டு டாக்டர், அஞ்சு மணி நேரம்! மூணு மாசம் ஆச்சு. இன்னும் அம்பதடிக்கு ஒருதரம் 'ஐயோ காலு'ன்னு உட்கார்ந்துடறார். இவரோட பால் வாங்கப் போனா, தயிராத்தான் வீடு வந்து சேருது!"

டாக்டர் முகம் சுருங்கிப்போச்சு. "திரும்ப அடைச்சிருந்தா மறுபடி கிழிக்கணும்மா. விட்டா காலே போயிடும்."

அவ சட்டுனு புருஷன் பக்கம் திரும்பினா. "திருட்டு பீடி குடிச்சீங்களா? உண்மையைச் சொல்லுங்க!"

"சத்தியமா இல்லடி."

டாக்டர் பாதத்துல விரல் வச்சுப் பார்த்தார். "நாடி நல்லாத் துடிக்குதே! எதுக்கும் வராண்டால நடந்து காட்டுங்க. நர்ஸ் கூட வருவாங்க. நீங்க இங்கயே உட்காருங்கம்மா."

போனார். போனவர் போய்க்கிட்டே இருந்தார்.

கடைசில நர்ஸ்தான் முதல்ல உள்ள வந்தா. "எட்டு சுத்து டாக்டர். எங்கயும் நிக்கலை. நான்தான் பின்னாடியே ஓடினேன்."

பின்னாலேயே புருஷன் வந்து நின்னார். தையல்காரம்மாவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "யோவ், மூணு மாசமா என்கிட்ட நடிப்பா? உம்மால பஸ் ஸ்டாப்பு, கடை வாசல், கண்டவன் வீட்டுப் படின்னு உட்கார்ந்து உட்கார்ந்து என் மானமே போச்சு..."

எழுந்து நாலு எட்டு வச்சா. மேல பேச முடியலை. மூச்சு இரைச்சுது. கதவைப் பிடிச்சுக்கிட்டா.

"இதான் டாக்டர்," புருஷன் மெதுவா சொன்னார். "'உனக்கு மூச்சு வாங்குது, உட்காரு'ன்னா, 'எனக்கென்ன கேடு'ன்னு சண்டைக்கு வர்றா. 'என் காலு'ன்னு சொன்னாத்தான் உட்கார்றா."

சட்டைப் பையிலேருந்து ஒரு சீட்டை எடுத்து அவ கையில வச்சார். பக்கத்து ரூம் இருதய டாக்டரைப் பார்க்க, அவ பேர்ல போட்டிருந்த சீட்டு.

"வா, மெதுவாப் போவோம். நடுவுல நின்னா, யார் கேட்டாலும் எனக்குத்தான் கால்வலின்னு சொல்லிடு."