மூணு வருஷ நஷ்டம்

"விக்கப் போறியா? என்ன மச்சான், விளையாடுறியா?"

மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாங்கிலிருந்து ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. தெருவுக்கு இன்னும் அவர் மேனேஜர்தான். அவர் பேச்சைக் கேட்டுத்தான் அவர் மனைவியின் தம்பி அந்த சிப் கம்பெனியில் பங்கு வாங்கியிருந்தார்.

"இல்ல அத்தான், மூணு வருஷமா நஷ்டம்னே கணக்குக் காட்டுறாங்க. பயமா இருக்கு."

"நஷ்டம் வராம? கம்ப்யூட்டருக்குள்ள வைக்கிற சிப்புன்னா சும்மாவா? நகத்தளவுதான் இருக்கும். ஒரு தூசி விழுந்தாப் போச்சு. புதுசா ஆரம்பிச்சவன் செய்யுறதுல பாதி குப்பைக்குத்தான் போகும். அந்தக் குப்பையிலதான் அவன் தொழிலைக் கத்துக்கிறான்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நாம பொறுத்துக்கணும். இன்னிக்கு என்ன சம்பாதிச்சான்னு பார்க்காதே. நேத்தைவிட இன்னிக்கு நல்லா செய்யுறானா, அதைப் பாரு. பத்து வருஷம் கழிச்சு அந்தக் கம்பெனி எங்க நிக்கும் தெரியுமா?"

தம்பியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அக்கா காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்போது மேனேஜரின் மகன் உள்ளே வந்தான். விரலெல்லாம் பசை, கையில் ஒரு ஜோடி சின்ன ஷூ. வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து, பாதம் கோணலான குழந்தைகளுக்கு அளவெடுத்து ஷூ தைக்கிறான்.

"வாங்க துரை," என்றார் மேனேஜர். "ஒண்ணாம் தேதி ஷெட்டைக் காலி பண்ணிடு. வாடகைக்கு ஆள் சொல்லியாச்சு."

அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, இன்னும் ஒரே ஒரு வருஷம். இப்பதான் ஆஸ்பத்திரி டாக்டரே குழந்தைங்களை அனுப்ப ஆரம்பிச்சிருக்கார். இப்போ இடம் போச்சுன்னா எல்லாம் போச்சுப்பா."

"மூணு வருஷமா இதே பாட்டு. போன மாசம் எத்தனை ஜோடி போச்சு?"

"நாலு."

"நாலு! கேட்டியா மச்சான்? ஒரு மரவட்டைக்குக்கூடப் பத்தாது. முதல் வருஷம் தைச்சது அத்தனையும் திரும்பி வந்துச்சு. தோல் வாங்கின காசு தண்டம். படிச்ச படிப்புக்கு ஒரு ஆபீஸ்ல போய் உட்கார்ந்திருந்தா, இந்நேரம் நான் தாத்தாவே ஆகியிருப்பேன்."

தம்பி மருமகன் கையிலிருந்த ஷூக்களை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடா, ஒண்ணுக்கு மட்டும் அடி கனமா இருக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு ஒரு கால் குட்டை மாமா. ரெண்டு தடவை தைச்சும் சரியா வரல. பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன். நேத்துப் போட்டுப் பார்த்தா, சாயாம நடந்தா. ஓரம் மட்டும் லேசா உரசுதுன்னு கொண்டு வந்தாங்க."

"கதை போதும்," என்றார் மேனேஜர். "ஷெட்டு காலியாகணும்."

அக்கா வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தாள். கடவுளிடம்தான் இருக்கும். கணவரிடம் எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

தம்பி காபியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"மருமகனே, வேற இடம் பிடிச்சு, நல்லதா ஒரு தையல் மெஷினும் போட என்ன ஆகும்னு கணக்குப் போட்டுச் சொல்லு."

"எதுக்கு மாமா?"

"சிப் கம்பெனி பங்குல பாதியை வித்துடுறேன். உன் கம்பெனியில போடுறேன். லாபம் எப்ப வருதோ வரட்டும்."

மேனேஜருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மச்சான்! இவன்கிட்டயா? எதை நம்பி?"

"நீங்க இப்ப சொன்னதை நம்பித்தான், அத்தான்."