தூக்கம் கெடுத்தவன்

"நின்னுகிட்டே தூங்கியிருக்கா டாக்டர். ரிலே ஓட்டத்துல கையை நீட்டிக்கிட்டு நின்னவ, அப்படியே கண்ணை மூடிட்டா."

லிஃப்ட் மெக்கானிக் தன் மகளை முறைத்தபடி சொன்னார். குச்சியைக் கொண்டுவந்த பெண் அவளை உலுக்கி எழுப்புவதற்குள் மற்ற பள்ளிகள் எல்லாம் கோட்டைத் தாண்டிவிட்டன. டாக்டரிடம் காட்டிச் சரிசெய்துகொண்டு வராவிட்டால் அணியில் இடமில்லை என்று கோச் கறாராகச் சொல்லிவிட்டார். ஓட்டம் என்றால் உயிரை விடுகிற பெண். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"ராத்திரி பூரா போர்வைக்குள்ள போன்தான். இன்னைக்குக் காலையிலதான் பிடுங்கினேன்" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். கூடவே வாய் கொள்ளாத ஒரு கொட்டாவியும் வந்தது.

டாக்டர் அவருடைய சிவந்த கண்களையும் ஒரு பார்வை பார்த்தார். உங்களுக்கும் தூக்கம் இல்லைபோல என்றார்.

"பெத்தவனுக்கு எப்படி டாக்டர் தூக்கம் வரும்? எல்லாம் இவளைப் பத்தின கவலைதான்."

போன வாரம் பழுதுபார்க்கப் போன லிஃப்டுக்குள்ளேயே அவர் படுத்துத் தூங்கிவிட, அந்தக் கட்டடமே மூச்சு வாங்க மாடிப்படி ஏறியது. அந்தப் பழியையும் மகள் தலையிலேயே கட்டிவிட்டார்.

போனில் அப்படி என்னதான் செய்கிறாய் என்று டாக்டர் அவளைக் கேட்டார். டாங்கிச் சண்டை விளையாட்டு என்றாள். பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கலாமே என்றதற்கு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்கூட ஜோடியா ஆடுறவரு விடமாட்டாரு டாக்டர். இன்னும் ஒரே ஒரு ஆட்டம்னு கெஞ்சி மெசேஜ் போடுவாரு. பாவம், வீட்டுல அவரை யாருமே மதிக்கிறதில்லையாம்."

மெக்கானிக்குக் குபீரென்று பற்றிக்கொண்டு வந்தது.

"எவன் அவன்? ஊரான் வீட்டுப் பிள்ளையைத் தூங்கவிடாம ஆட வைக்கிறானே, அவனுக்கும் குழந்தை குட்டி இருக்காதா? மானங்கெட்டவன். கையில கிடைச்சா தோலை உரிச்சிடுவேன்."

மகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லி டாக்டர் அவரை வெளியே அனுப்பினார்.

மெக்கானிக் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்த முகம் தெரியாதவனைக் கொஞ்ச நேரம் மனதாரத் திட்டினார். திட்டி அலுத்ததும் கை சும்மா இருக்கவில்லை. பேன்ட் பாக்கெட்டிலிருந்து தன் போனை எடுத்தார். பிள்ளைகள் பார்த்தால்தான் அது கெடுதல். நாளெல்லாம் உழைத்துக் களைத்து, வீட்டில் பேச்சுத் துணைகூட இல்லாத மனுஷனுக்கு ராத்திரி கொஞ்சம் இளைப்பாறல் வேண்டாமா? அவருடைய மனசைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அந்தப் போனுக்குள்தான் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவசரமாகத் தட்டினார்.

"இன்னைக்கும் ஒரே ஒரு ஆட்டம். தூங்கிடாதே."

அனுப்பிய மறுநொடி, அவருடைய சட்டைப்பைக்குள் மகளின் போன் 'டிங்' என்றது.