கலங்கல் தண்ணீர்

"அண்ணே, விளையாட்டு இல்ல. வந்து பாருங்க. கான்ல தண்ணி செவப்பா வருது!"

ஜீவராணி போட்ட சத்தத்தில் வேலுசாமியின் வாயிலிருந்த வெற்றிலை கூட ஒரு கணம் அரைபடாமல் நின்றது. அந்த அணைக்கட்டுக்குக் காவல்காரர் அவர்தான். சைரன் அறைச் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கியது.

நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், அந்தக் காலத்துத் தொரைமார் பெக்டரிக்காகக் கட்டிய சின்ன மண்கட்டு அது. இப்போது பெக்டரிக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். கட்டுக்கு மேலே தேங்கிய தண்ணீரில் போட் ஓடுகிறது, கரையில் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள், கட்டுக்குக் கீழே உள்ள பாறைக்குழியில் குளிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் கொழும்பிலிருந்து வேன் வேனாக வந்து இறங்குவார்கள். ஜீவராணி அங்கே சோளம் அவித்து விற்கிறாள். கட்டின் அடியில் கசிகிற தண்ணீர் தனியாக ஒரு கானில், சின்ன வாய்க்காலில், ஓடும். பானை கழுவ அங்கே இறங்கியவள்தான் இப்படி அலறிக்கொண்டு ஏறி வந்திருந்தாள்.

"மழை பெஞ்சா தண்ணி கலங்கத்தான் செய்யும், தங்கச்சி."

"மழை பெஞ்சி ஒரு வாரமாச்சி! நேத்துக்கூட தெளிவா ஓடிச்சி. போன வருசம் வந்த இஞ்சினியர் என்ன சொன்னாரு? தெளிவா கசிஞ்சா பயமில்ல, கலங்கி வந்தா கட்டுக்கு உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம், ஒடனே எல்லாரையும் மேல ஏத்தணும்னு சொன்னாரா இல்லியா? நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?"

"சொன்னாரு, சொன்னாரு."

"அப்ப சைரன அடிங்க!"

வேலுசாமி எழுந்திருக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சாவகாசமாக வாயைத் துடைத்தார். "சைரன் அடிச்சா பொலிஸ் வரும், தோட்டத்துத் தொரை வருவாரு. ஒண்ணுமில்லாததுக்கு ஊரக் கூட்டாத."

ஜீவராணி கீழே பாறைக்குழியை எட்டிப் பார்த்தாள். கீழே குளிக்கிற கூட்டத்தில் அவளுடைய மகள் சுமித்ராவும் இருந்தாள். கட்டு உடைந்து மேலே நிற்கிற தண்ணீர் அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கினால், அந்தப் பாறைக்குழியில் ஒரு பிள்ளை மிஞ்சாது. இந்த மனுசனின் மகளும் அங்கேதான் குளிக்கிறாள். அப்படியிருந்தும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே!

இனிமேல் கெஞ்சிப் பிரயோசனம் இல்லை என்று அவள் படிக்கட்டில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

"சுமித்ரா! ஏறி வா புள்ள! வெளிய வா!"

"ஏம்மா? இப்பத்தானே எறங்கினேன்..."

"வாறியா, இல்ல முதுகுல ரெண்டு போடவா?"

மகளின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள். அதைக் கண்டு மிரண்டுபோன சிங்களப் பெண் ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரையேறினாள். பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த வேலுசாமி அவர்களைப் பார்த்துச் சிரித்தார். "பய வென்ன எப்பா, நங்கி! ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க." காவல்காரரே சொல்லிவிட்டார் என்று அவர்கள் மறுபடியும் தண்ணீரில் இறங்கினார்கள்.

ஜீவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க பாக்க வேணாம். கட்டுக்கு அடியில நானே போய்ப் பாக்குறேன்."

அவள் கட்டு ஓரத்து மூங்கில் புதர்ப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், வேலுசாமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றார். "அங்க போகாத."

"ஏன்? என்ன இருக்கு அங்க? வழிய விடுங்க. இல்லாட்டி இங்கேயே கத்துவேன்!"

வேலுசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் இறங்கிப்போனது.

"ஒன் புள்ள மேல சத்தியம் பண்ணு, வெளிய சொல்லமாட்டேன்னு. மூங்கிலுக்குப் பின்னால என் மச்சான் கிருஷ்ணராஜும் அவன் ஆளுகளும் மாணிக்கக்கல்லுக்குக் குழி போட்டிருக்காங்க. பெர்மிட் இல்ல. இத்தன நாளா தோண்டிட்டு இன்னைக்குத்தான் மண்ணு கழுவுறாங்க. அந்தச் சேறுதான் கான்ல வருது."

"அடப் பாவி! கட்டு ஓரத்துலயா தோண்டுறீங்க?"

"கொஞ்சம் தள்ளித்தான். எனக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு. பொலிஸ் வந்தா குழியப் பாத்துரும், அதான் சைரன் அடிக்கல. கட்டுக்கு ஒண்ணுமில்ல தாயி. என் மகளும் இங்கதானே குளிக்கிறா? ஒண்ணுன்னா நான் சும்மா இருப்பேனா?"

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. ஜீவராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"கொஞ்ச நேரத்துல என்னைக் கொன்னுட்டீங்களே அண்ணே! மொதல்லயே சொன்னா என்ன?"

"கல்லுக்குழி விசயத்த யாராச்சும் தண்டோரா போடுவாங்களா?"

அம்மா அழுவதைப் பார்த்து சுமித்ராவும் விசும்பிக்கொண்டிருந்தாள். ஜீவராணி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். "அம்மாதான் சும்மா பயந்துட்டேன். போ, போய் நல்லா குளி." பிள்ளை தொபுக்கென்று தண்ணீரில் குதித்ததைப் பார்த்த பிறகுதான் அவள் படியேறினாள்; வேலுசாமியும் பின்னாலேயே ஏறி வந்தார்.

மேலே சோளக்கடை ஓரத்தில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. வெளுத்த சட்டையும் படிய வாரிய தலையுமாக இறங்கினவனைப் பார்த்ததும் வேலுசாமி கிட்டே போய்க் காதோடு காதாகக் கேட்டார்.

"என்ன மச்சான், அதுக்குள்ள மண்ணு கழுவி முடிஞ்சிருச்சா?"

"அத ஏன் கேக்குறீங்க!" என்று அலுத்துக்கொண்டான் கிருஷ்ணராஜ். "காலையிலயே பம்ப் பழுதாயிருச்சி. டவுனுக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு இப்பத்தான் வாறேன். ஆளுகளயும் வீட்டுக்கு அனுப்பிட்டேன். இன்னைக்கு ஒரு கூடை மண்ணுகூட கழுவல மச்சான்."