பன்னிரண்டு புலிகள்

மாதாமாதம் காட்டிலிருந்து புலி எச்சம் கொண்டுவரும் வாட்சர், இன்று மரபணு ஆய்வகத்துக்கு வெறுங்கையோடு வந்து நின்றார்.

“எங்கேண்ணே பொட்டலம்?” என்று கேட்டாள் அங்கே ஆய்வு செய்பவள்.

“கிடைக்கலை மேடம்.”

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“உங்களோட இருக்கட்டும். நாலு வருஷமா நீங்க கொண்டுவந்த எல்லாத்துலயும் ஒரே டிஎன்ஏதான். காட்டுல இருக்கறது ஒத்தைப் புலி. புலிக் கணக்குல பன்னெண்டுன்னு கூசாம எழுதினது நான்தான். இல்லேன்னா எப்பவோ உள்ளே ரோடு போட்டிருப்பாங்க. அந்த ஒண்ணாவது பிழைச்சுக் கிடக்கட்டும்ணே.”

வாட்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

“நானும் அந்த ரோட்டுக்குப் பயந்துதான் மேடம்... காட்டுல புலித்தடம் பார்த்து ஆறு வருஷமாச்சு. என் மச்சான் மிருகக்காட்சிசாலையில புலிக்கூண்டு கழுவுறான். அவன்தான் எடுத்துக் கொடுப்பான்.”

“அப்போ இன்னைக்கு?” என்று கேட்டாள் அவள்.

“அந்தக் கிழட்டுப் புலி நேத்து செத்துப்போச்சு மேடம்.”