கடைசி வரிசைக்காரர்

பூங்காவைப் புதுப்பிக்கும் திட்டத்தை நான் விளக்கி முடித்ததும், கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"ஊஞ்சலுக்கு நேர் எதிர்ல பெஞ்சு போட்டிருக்கீங்களே மேடம், உக்கார்றவன் பல்லு தப்புமா? தூங்கிக்கிட்டே வரைஞ்சீங்களா?"

"மாத்திடறோம் சார்" என்றேன்.

"எல்லாக் கூட்டத்துக்கும் வந்து உயிரை வாங்குறாரே!" என்று வெளியூரிலிருந்து வந்திருந்த மானிய அதிகாரி என் காதில் முணுமுணுத்தார்.

மக்கள் சொல்லும் குறை ஒன்றையாவது திருத்தினால்தான் மானியம் கிடைக்கும். எங்கள் ஊர்க்காரர்களோ வாயே திறக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்டார்: "ரொம்பத் திட்டிட்டேனா?"

"தூங்கினேன்னு சொன்னது கொஞ்சம் அதிகம்."

அவர் இறந்த பிறகு முதல் முறையாக, அடுத்த பூங்காவுக்காக நேற்றுக் கூட்டம் போட்டோம். எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவரும் எழவில்லை.

அதிகாரி கடைசி வரிசையைக் கண்களால் துழாவினார். "எங்க மேடம் அந்த மனுஷன்?"